மீன் தொட்டியும் தாம்பரம் தண்ணீரும்

எண்பதுகளில் தாம்பரம் பக்கம் ஒரு வீட்டில் கலர் மீன் வளர்த்தார்கள் என்றால், அந்தத் தொட்டி எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். அடியில் சாயம் போட்ட கூழாங்கல், ஒரு பிளாஸ்டிக் செடி, வாயைத் திறந்து குமிழி விடும் சிப்பி பொம்மை. ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலேறிப் போய் பிராட்வே சந்தையில் வாங்கி வந்த கோல்டு ஃபிஷ், ஏஞ்சல், கப்பி எல்லாம் ஒரே தொட்டிக்குள். ஏஞ்சல் வளர வளர கப்பிகள் குறையும். ஏன் என்று யாரும் துருவியதில்லை.

தண்ணீர் கலங்கினால் தொட்டி கழுவும் படலம். மீன்களை பக்கெட்டில் விட்டு, தண்ணீரை முழுக்க இறைத்து, கல்லைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஆனதும் கிணற்றுத் தண்ணீரை நிரப்புவார்கள். ஓரிரு நாளில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்து மிதக்கும். “புதுத் தண்ணி ஒத்துக்கல” என்று தீர்ப்பு சொல்லி முடித்துவிடுவார்கள்.

முதலில் செத்தது கல்லில் ஒட்டியிருந்த பாக்டீரியா. மீனின் முறை அதற்குப் பிறகுதான் வந்தது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவதில் அவ்வளவு கெடுதல் இல்லை, செடிக்கோ அது உரம். தண்ணீரில் காரத்தன்மையும் சூடும் கூடக்கூட அம்மோனியாவின் நஞ்சும் கூடும். நம் ஊர் போர் தண்ணீரிலும் வெயிலிலும் கேட்கவே வேண்டாம்.

இன்று கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் அடுக்ககங்களில் நிஜச் செடியோடு மீன் வளர்க்கும் செடித் தொட்டி வைப்பவர் அவசரப்படுவதில்லை. இரண்டடித் தொட்டியில் ஐம்பத்தைந்து லிட்டர் போல நிரப்பி, செடி நட்டு, ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓட விட்டு நாலைந்து வாரம் பொறுத்திருக்கிறார். சின்னக் கண்ணாடிக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சோதனைச் சொட்டு விட்டுக் குலுக்கிப் பார்க்கிறார். மஞ்சளாகவே நின்றால் அம்மோனியா இல்லை. பச்சைக்குத் திரும்பினால் இன்னும் நாள் ஆகும். மீன் விட்ட பிறகு வாரம் கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுகிறார். எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழிந்து அலசுகிறார், குழாயடிக்குக் கொண்டுபோவதில்லை.

இந்தப் பொறுமைக்கு அறிவு வளர்ந்தது ஒரு காரணம். தாம்பரத்தின் தண்ணீர் மாறிப்போனது அதைவிடப் பெரிய காரணம். அன்று தெருவுக்கே கிணற்றில் ஏறக்குறைய ஒரே தண்ணீர். பக்கத்து வீட்டில் பிழைத்த மீன் நம் வீட்டிலும் பிழைத்தது. இன்று சம்புக்குள் போர் தண்ணீர், லாரித் தண்ணீர், குழாய்த் தண்ணீர் மூன்றும் கலக்கின்றன. கோடையில் போர் வற்றி லாரி வந்தால் ஒரே வாரத்தில் தண்ணீரின் குணமே வேறாகிவிடும். சென்னையே தவித்த 2019 கோடையில் புறநகர்ப் பகுதிகள் லாரியை நம்பியே ஓடின. ஆகவே ஊற்றுவதற்கு முன் பக்கெட்டிலும் தொட்டியிலும், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை நனைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. எண்கள் வெகுதூரம் விலகியிருந்தால் ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறார்கள். குளோரின் வாடை அடித்தால் அதை முறிக்க ஹைப்போ.

சேர்க்கும் மீனையும் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. கப்பி, மோலி, பிளாட்டிக்குக் கடினத் தண்ணீர் பிடிக்கும். நியான் டெட்ராவுக்கு மென்னீர் வேண்டும், இருபத்தைந்து டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். மே மாதத் தொட்டி 32 டிகிரியைத் தொடும்போது அது திணறிப்போகும். ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து, மேலே சின்ன ஃபேனை ஓட விட்டு அதைக் காப்பாற்றுகிறவர்களும் உண்டு.

நோய்க்கும் வைத்தியம் மாறிவிட்டது. வெள்ளைப்புள்ளி வந்தால் அன்று மெத்திலீன் ப்ளூ, ஒரு கைப்பிடி கல்லுப்பு, போதாதென்று மருந்துக்கடை டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலையும் உடைத்துப் போடுவார்கள். செடித் தொட்டியில் இவை பாக்டீரியாவையும் செடியையும் சேர்த்துக் கெடுக்கும். புதிதாக வாங்கிய மீனைச் சில வாரம் தனி டப்பில் வைத்துப் பார்ப்பதுதான் இன்றைய வைத்தியம். தெரிந்தவர்கள் பலர் இருந்தாலும் செய்கிறவர்கள் சிலர்தான். கடைப் பையை அப்படியே தொட்டியில் கவிழ்க்கும் பழக்கம் போகவில்லை.

செடிகளின் கதை இன்னும் வேடிக்கை. அன்று ஏரிக்கரை ஈரத்தில் காலில் மிதிபட்ட நீர்ப்பிரமியும் ஆரையும் இன்று பக்கோப்பா, மார்சிலியா என்று தொட்டிக் கடையில் கொத்துக் கணக்கில் விற்கின்றன. செடிகள் அம்மோனியாவை நேராகவே உறிஞ்சும், குஞ்சுகளுக்கு ஒளிய இடம் தரும். ஆனால் வெளிச்சம் இருக்கும்வரைதான் அவை ஆக்சிஜன் விடும். இரவில் மீனோடு போட்டி போட்டு மூச்சு வாங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குத் தென்புறநகரில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த மாதிரி இரவில் பேட்டரி ஏர் பம்பு இல்லாத வீட்டுக்கு ஒரே வழி, குவளையில் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுவது.

இவ்வளவையும் கற்றவருக்கு, வெளியே ஏரிக்கு என்ன நேர்ந்தது என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டாம். செம்பாக்கம் ஏரியில் கழிவுநீர் கலந்தபோது நடந்ததும் இதே அம்மோனியாக் கணக்குதான். சிட்லபாக்கம் ஏரியை 2019இல் ஊர்க்காரர்களே இறங்கிச் சுத்தம் செய்தார்கள். தொட்டிக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்ற ஆள் இருக்கிறது. ஏரிக்கு வருஷத்துக்கு ஒரு வடகிழக்குப் பருவமழைதான் இருக்கிறது. ஏரிக்குள் போகும் சாக்கடை வாயை அடைக்காமல் எத்தனை முறை தூர்வாரினாலும், அது கல்லைத் தேய்த்துக் கழுவிய அந்தக் காலத்து வைத்தியம்தான்.