பீரோவில் கிடந்த கலியாணம்

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, அம்மாவின் பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஒரு வீடியோ கேசட் கிடக்கக் கண்டேன். 1996-ஆம் ஆண்டில் நடந்த என் பெற்றோரின் கலியாணம் அது. நான் பிறக்கும் முன்பே காலமான தாத்தா அதில் நடமாடுகின்றார், பேசுகின்றார் என்று அப்பா சொல்வதுண்டு. அதை டி.வி.டி. தகட்டில் ஏற்றிவிடத் துணிந்தேன். அம்முயற்சியில் நான் கற்றதையும் கெடுத்ததையும் நண்பர்களுக்குச் சொல்லிவிடுகின்றேன்.

முதலில் டெக் வேண்டும்; இன்று அது கிடைப்பது எளிதன்று. ஜப்பானில் 1976-இல் பிறந்த வி.எச்.எஸ். முறைக்குக் கடைசிவரை கருவி செய்துவந்த ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது. நல்லவேளையாக மாமா வீட்டுப் பரணில் ஒன்று அகப்பட்டது. ஆவல் மிகுதியால் கேசட்டை உடனே உள்ளே தள்ளினேன். அதுதான் நான் செய்த பிழை.

கேசட்டின் மேலுள்ள சிறு சன்னல் வழியே பார்த்திருந்தால், நாடாச் சுருளில் வெண்மையாகப் பூசணம் படர்ந்திருப்பது தெரிந்திருக்கும். எங்கள் காவிரிக்கரை ஈரம் நாடாவுக்கு ஆகாது. காந்தப் பொடியைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். பூசணம் பிடித்ததை ஓட்டினால் டெக்கும் கெடும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டும் கெடும். எங்கள் நாடா சிக்கிக்கொண்டு ஓரத்தில் மடிந்தது.

ஓரந்தானே என்று எண்ணலாகாது. அரை அங்குல அகலமுள்ள அந்நாடாவில் படம் சாய்ந்த கோடுகளாகப் பதிந்திருக்கின்றது. விநாடிக்கு 25 முறை சுழலும் உருளை ஒன்று அவற்றைப் படிக்கின்றது. ஒலியோ மேல் விளிம்பில் மெல்லிய பாதையாகத் தனியே ஓடுகின்றது. விளிம்பு மடிந்தால் படம் தப்பும், குரல் போய்விடும்.

பிறகு, கைப்பழக்கமுள்ள ஒருவரைக் கொண்டு நாடாவைத் துடைத்து, டெக்கையும் சுத்தம் செய்தேன். மஞ்சள் கம்பி படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. இடையில் ஒரு சிறு கருவி, அப்பால் கணினி. மூன்று மணி நேர நாடாவுக்கு மூன்று மணி நேரம் உட்காரத்தான் வேண்டும். குறுக்கு வழி கிடையாது. ஒரு தகட்டில் நல்ல தரத்தில் இரண்டு மணி நேரமே அடங்குமாதலால் கலியாணம் இரண்டு தகடுகளாயிற்று. தகட்டின் சாயமும் வெயிலில் வெளுக்கக்கூடியதே. எனவே கணினியிலும் ஒரு படி வைத்துக்கொண்டேன்.

வீடியோக்காரர் முகூர்த்தம் முழுவதும் சினிமாப் பாட்டை ஏற்றி வைத்திருக்கின்றார். தாத்தாவின் வாய் அசைகின்றது, பாட்டுத்தான் வருகின்றது! பந்தியில் மட்டும் பாட்டு இல்லை. மடிப்பு விழுந்த இடம் அந்தப் பந்தி. "இந்த வரிசைக்கு ரசம்..." என்று குரல் தொடங்குகின்றது, அப்புறம் ஏழெட்டு விநாடி வெறும் இரைச்சல். "அடுத்து என்னைத்தான் கூப்பிடுகிறார்" என்றார் அப்பா. திரும்பவும் போடச் சொன்னார்.

நாடாவை எறியவில்லை. மடிப்பை நீவியெடுக்க வல்லவர் யாரேனும் அகப்படக்கூடும் என்று, பெட்டியில் நிமிர்த்தி, ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்திருக்கின்றேன்.