கரி அழிந்தது, கோடு நின்றது

சீனத்தின் சியாங்சி மாநிலத்துச் சிங்தெசென் நகரில் பீங்கான் எவ்வாறு உருவாகிறது என்பதைப் பிரெஞ்சு இயேசு சபைத் துறவியான தாந்திரக்கோல் 1712இலும் 1722இலும் இரு நீண்ட மடல்களில் ஐரோப்பாவுக்கு எழுதி அனுப்பினார். மண்ணின் வகை, அதை அரைத்துக் கரைத்துத் தெளியவைக்கும் முறை, சூளையின் அமைப்பு என எதையும் அவர் விடவில்லை. அவர் எழுதியவற்றுள் ஒரு சிறு செய்தி என் நெஞ்சில் நெடுநாளாகத் தங்கியிருக்கிறது. மிக உயர்ந்த சீன எழுதுமையைக் கொண்டு கலங்களின்மேல் ஓவியம் தீட்டிச் சுட்டுப் பார்த்தார்களாம். சூளையைத் திறந்தபோது கலம் இருந்தது, ஓவியம் இல்லை. எங்கும் வெண்மையே.

காரணம் எளிது. எழுதுமை என்பது விளக்குப்புகைக் கரியும் விலங்குப்பசையும் சேர்ந்தது. தாளிலும் பட்டிலும் பல நூற்றாண்டுகள் மங்காது நிற்பது அது. ஆயினும் சூளைக்குள் கரி உயிர்வளியோடு கூடி வளியாகிப் பறந்துவிடுகிறது. தாளின்மேல் அழியாத கருமை தீயின்முன் ஒரு நொடியும் நில்லாது. அப்படியானால் தீயைக் கடந்து வரும் கருங்கோட்டை எதைக் கொண்டு இழுப்பது?

இந்த வினா ஐரோப்பிய வணிகத்தால் கூர்மை பெற்றது. ஐரோப்பியர் தங்கள் நாட்டுக் காட்சிகளைச் சீனப் பீங்கானில் காண விரும்பினர். அதற்கு முன்மாதிரியாகக் கப்பலில் அனுப்பியவை பெரும்பாலும் செப்புத்தகட்டு அச்சுப்படங்கள். செதுக்கோவியரிடம் வண்ணம் இல்லை, கோடு மட்டுமே உண்டு. முகத்தின் வளைவு, ஆடையின் மடிப்பு, வானின் முகில் அனைத்தையும் நெருங்கியும் விலகியும் குறுக்கே வெட்டியும் ஓடும் மயிரிழைக் கோடுகளாலேயே அவர் காட்டுவார். அக்கோடுகளைத்தான் சீன ஓவியர் வழுவழுப்பான, வளைந்த பரப்பின்மேல் தூரிகையால் எழுத வேண்டியிருந்தது.

பீங்கானின் உடல் வெண்களிமண்ணும் பீங்கான்கல்லும் சேர்ந்தது. ஏறத்தாழ 1300 பாகை வெப்பத்தில் கல்லின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகிறது. களிமண்ணிலிருந்து ஊசி போன்ற நுண்படிகங்கள் அதனுள் பின்னி வளர்கின்றன. அத்தனை வெப்பத்தைத் தாங்கும் வண்ணப்பொருள்கள் மிகச் சில. அவற்றுள் தலையாயது கோபால்ட்டு. அதனால்தான் கலத்தின் கண்ணாடி மெருகுக்கு அடியில் தீட்டிய பழைய கலங்களில் நீலமே ஆட்சி செய்கிறது. இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1690இல் நெதர்லாந்தின் இராட்டர்டாமில் மக்கள் கொதித்தெழுந்து அந்நகரின் ஆட்சி அலுவலர் ஒருவரின் மாளிகையை இடித்துத் தள்ளினர். அந்நிகழ்ச்சியைப் பொறித்து யான் இசுமெல்ட்சிங்கு என்ற கலைஞர் ஒரு பதக்கம் செய்தார். அப்பதக்கத்துக் காட்சி அப்படியே சீனத்தட்டில் நீலமாக எழுந்தது. இடிந்த சுவரும் அதன்மேல் ஏறி நிற்கும் சிற்றுருவங்களும் அதில் உள்ளன. உலோகப் புடைப்பு கோபால்ட்டு நீலமாக மாறிய அந்தத் தட்டை நான் அரிய அறிவியல் ஆவணமாகவே மதிக்கிறேன்.

ஆனால் உயர்வெப்பத்தில் மெருகு உருகும்போது கோபால்ட்டு சற்றே கரைந்து கசியும், விளிம்பு மென்மையாகிவிடும். அச்சுப்படத்தின் நுண்கோட்டுக்கு இது ஒவ்வாது. ஆகவே முதலில் கலத்தை வெறுமையாகச் சுட்டு முடித்து, அதன் மெருகின்மேல் எழுதி, மீண்டும் சிறுசூளையில் 700, 800 பாகை அளவில் சுடும் வழி கைக்கொள்ளப்பட்டது. இங்கே ஈயம் கலந்த கண்ணாடித்தூள் பசையின் வேலையைச் செய்கிறது. ஈயம் உருகுநிலையைத் தாழ்த்துவதால் மேலுள்ள வண்ணம் இளகி ஒட்டிக்கொள்ளும். கீழுள்ள மெருகோ அசையாது. கருமைக்கு மாங்கனீசு மிகுந்த கோபால்ட்டுக் கனிமம் உதவியது. அது முன்பே உயிர்வளியோடு கூடிய பொருளாதலால் எரிந்துபோக அதில் ஒன்றும் இல்லை. எழுதுமை தோற்ற இடத்தில் கனிமம் வென்றது. தாந்திரக்கோலின் மடல்களுக்கு அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் ஐரோப்பிய அச்சுப்படத்தோடு போட்டியிடும் கருங்கோட்டு ஓவியங்கள் சீனக் கலங்களில் வரிசையாக வந்தன.

முகத்துக்கும் கைக்கும் தசைநிறம் வேண்டுமே! 1720களில் பரவிய இளஞ்சிவப்பு அதற்கு வழி திறந்தது. அச்சிவப்பு பொன்னிலிருந்து பிறப்பது. பொன்துகள்கள் மீட்டரின் நூறு கோடியில் சில பத்துப் பங்கு அளவாகக் கண்ணாடிக்குள் சிதறி நிற்கும்போது பச்சை ஒளியை விழுங்கி விடுகின்றன. எஞ்சிய ஒளி நம் கண்ணுக்குச் செம்மையாகத் தெரிகிறது. காதணியில் மஞ்சளாக மின்னும் அதே பொன்தான் இங்கே கன்னத்தின் சிவப்பு. ஆர்செனிக்கு சேர்ந்த ஒளிபுகா வெண்மையை இதனோடு குழைத்தபோது ஐரோப்பியர் விரும்பிய ஒளியும் நிழலும் கைகூடின.

18ஆம் நூற்றாண்டில் இவ்வோவியத் தொழிலின் பெரும்பகுதி கடற்கரை நகரான குவாங்சௌவுக்கு இடம் பெயர்ந்தது. வெறுங்கலங்கள் ஆற்றுவழியாகவும் மலைவழியாகவும் சிங்தெசென்னிலிருந்து அங்கு வந்து சேர்ந்தன. 1769இல் அங்கு ஒரு பட்டறைக்குச் சென்ற வில்லியம் இக்கி என்ற ஆங்கிலேயர், ஒரே நீண்ட கூடத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் வரைந்துகொண்டிருக்கக் கண்டார். மிக முதிர்ந்த கிழவர்களும் ஆறேழு வயதுக் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். இச்செய்தியைப் படிக்கும்தோறும் அழகிய கலங்களின் மேல் ஒரு நிழல் படிவதை நான் மறைக்க விரும்பவில்லை.

அவர்கள் எழுதியவை எத்தகைய காட்சிகள்! 1743இல் இலண்டன் கோட்டையில் சுட்டுக் கொல்லப்பட்ட இசுகாட்டிய மலைநாட்டுப் படைவீரர் மக்பெர்சனின் உருவம், அவ்வாண்டு வெளியான அச்சுப்படத்திலிருந்து சில ஆண்டுகளுக்குள் சீனத்தட்டில் ஏறியது. ஏசுவின் சிலுவைப்பாட்டைக் காட்டும் தட்டுகளும் உண்டு; சிலுவையின் அடியில் அவருடைய ஆடைக்காகப் படைவீரர் தாயமுருட்டும் காட்சியும் பிசகாமல் அவற்றில் உள்ளது. 1724இல் கிறித்தவ சமயத்தைப் பேரரசர் தடைசெய்த நாட்டில் அதன் பின்னர் எழுதப்பட்டவை அவை.

இத்தகைய ஓவியரை வெறும் படியெடுப்பவர் என்று தாழ்த்திப் பேசுவோர் உளர். அவர்கள் சான்றாகக் காட்டுவது அமெரிக்க வணிகர் சாமுவேல் சாவின் குறிப்பு. 1784இல் குவாங்சௌ சென்ற அவர், கலைமகள் போன்ற உரோமத் தெய்வம் மினர்வா, புகழ்த்தெய்வம், ஒரு படைவீரன் ஆகிய தனித்தனிப் படங்களைக் கொடுத்து அவற்றை ஒரே காட்சியாக இணைக்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் தனியே நுட்பமாக எழுதிய ஓவியரால், பலமுறை முயன்றும் இணைக்க இயலவில்லை. இது கையின் குறை அன்று. யார் யாரை நோக்க வேண்டும், ஏன் நோக்க வேண்டும் என்பது மினர்வாவின் கதையை அறிந்தவர்க்கே விளங்கும். படங்கள் மட்டுமே கப்பலேறி வந்தன. அவற்றின் பொருள் வரவில்லை. பொருள் தெரியாத கோட்டைத் தீயிலும் அழியாதபடி மயிரிழை பிசகாமல் எழுதியது பேராற்றலே.

பதக்கம் செய்த இசுமெல்ட்சிங்கின் பெயரை நாம் அறிவோம். சுடப்பட்ட வீரரின் பெயரையும் அறிவோம். குவாங்சௌ ஓவியரைத் தம் தொழிலில் தலைசிறந்தவராக மதிக்கப்பட்டவர் என்று சாமுவேல் சா எழுதினார். அவர் பெயரை எழுதவில்லை.