பால்குடி மறக்கும் பன்றிக்குட்டிகள்... கழிச்சலைத் தடுக்கும் புளித்த தீவனம்!

வெண்பன்றி வளர்ப்பில் லாபத்தைத் தீர்மானிப்பது, ஓர் ஈற்றில் எத்தனை குட்டிகள் பிறந்தன என்பதல்ல. எத்தனை குட்டிகள் தேறி விற்பனைக்கு வந்தன என்பதுதான். குட்டிகளுக்கு ஆபத்தான கட்டங்கள் இரண்டு. பிறந்த முதல் வாரம் ஒன்று. தாயிடமிருந்து பிரித்த முதல் இரண்டு வாரங்கள் மற்றொன்று. இரண்டிலும் கழிச்சல்தான் முதல் எதிரி.

இதற்குப் பயந்து, நன்றாக இருக்கும் குட்டிகளுக்கும் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் பொடியைக் கலந்து கொடுப்பவர்கள் உண்டு. அப்படித் தினமும் கொடுத்தால், மருந்துக்குத் தப்பிய கிருமிகள் மட்டும் பெருகும். நிஜமாகவே நோய் வரும்போது அந்த மருந்து வேலை செய்யாது. அதே கிருமி, கொட்டிலைக் கழுவும் வீட்டாருக்கும் தொற்றலாம். மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கப்படும் 'கொலிஸ்டின்' மருந்தை எதிர்க்கும் மரபணு பன்றிகளில் பரவியிருப்பதை, 2015-ம் ஆண்டு சீனாவில் கண்டறிந்தார்கள். கால்நடைகளுக்கும் அவற்றின் தீவனத்துக்கும் அந்த மருந்தைப் பயன்படுத்த 2019 ஜூலையில் இந்திய அரசு தடை விதித்தது.

மருந்துப் பொடி இல்லாமல் குட்டிகளைத் தேற்ற முடியுமா? பன்றி வளர்ப்பில் பெயர்பெற்ற டென்மார்க், வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை 1999-ம் ஆண்டு இறுதிக்குள் நிறுத்தியது. தொடக்கத்தில் குட்டிகளுக்குக் கழிச்சல் கூடத்தான் செய்தது. தீவனத்தையும் கொட்டில் பராமரிப்பையும் மாற்றிய பிறகு நிலைமை சீரானது. பொடியை மட்டும் நிறுத்தினால் போதாது. அது மறைத்து வைத்திருந்த குறைகளையும் சரிசெய்ய வேண்டும்.

முதல் வாரம்: மூன்று வேலைகள்

பன்றிக்குட்டி நோய் எதிர்ப்புச் சக்தியோடு பிறப்பதில்லை. அது சீம்பால் மூலம்தான் கிடைக்கும். பிறந்த 6 மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குட்டியும் சீம்பால் குடித்துவிட வேண்டும். நோஞ்சான் குட்டியை, பால் அதிகம் சுரக்கும் முன்காம்பில் பிடித்து விடுங்கள்.

அடுத்து சூடு. முதல் வாரத்தில் குட்டி படுக்கும் இடம் 32 முதல் 34 டிகிரி வெப்பத்தில் இருக்க வேண்டும். 100 வாட்ஸ் குண்டு பல்பும் காய்ந்த வைக்கோலும் போதும். ஈரத்தரைதான் பாதிக் கழிச்சலுக்குக் காரணம்.

மூன்றாவது, இரும்புச்சத்து. குட்டிக்குத் தினமும் சுமார் 7 மில்லி கிராம் தேவை. தாய்ப்பாலில் கிடைப்பது 1 மில்லி கிராம்தான். பிறந்த 3-ம் நாளில் கால்நடை மருத்துவர் மூலம் இரும்புச்சத்து ஊசி போட்டுவிட வேண்டும்.

பால்குடி மறக்கும்போது...

பால் குடிக்கும் வரை, குட்டியின் வயிற்றில் பால் புளித்து உருவாகும் அமிலம் கிருமிகளை அடக்கி வைக்கும். பால் நின்றதும் அந்தப் புளிப்பு குறைகிறது. அந்த நேரத்தில் புரதம் அதிகமுள்ள தீவனத்தைக் கொட்டினால், செரிக்காத புரதம் குடலுக்குப் போய்க் கிருமிகளுக்கு உணவாகிறது. அதனால்தான் கழிச்சல்.

ஆகவே, 2-ம் வாரத்திலிருந்தே கைப்பிடி தீவனம் வைத்துப் பழக்குங்கள். 8-வது வாரத்தில் பிரிக்கும்போது, குட்டிகளைப் பழகிய கொட்டிலிலேயே விட்டு, தாயை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். முதல் வாரம் தீவனத்தை 4, 5 வேளையாகப் பிரித்து வையுங்கள்.

பிரித்த குட்டிகளுக்கான 100 கிலோ கலவை: மக்காச்சோளம் 55 கிலோ, கோதுமைத் தவிடு 20.5 கிலோ, சோயாப் பிண்ணாக்கு 17 கிலோ, மீன் தூள் 5 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, உப்பு அரை கிலோ. இதில் சுமார் 18 சதவிகிதம் புரதம் இருக்கும். மீன் தூளுக்குப் பதில் கருவாட்டுத் தூள் சேர்த்தால், உப்பைத் தவிர்த்துவிடுங்கள். உப்பு கூடி, தண்ணீரும் குறைந்தால் பன்றிக்கு உயிராபத்து.

புளிக்க வைக்கும் முறை

அரைத்த மக்காச்சோளமும் தவிடும் சேர்ந்து 1 கிலோ, தண்ணீர் 2 லிட்டர், உப்பில்லாத புளித்த மோர் 200 மில்லி. இவற்றைப் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, மூடி, 24 மணி நேரம் நிழலில் வையுங்கள். மோரிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் மாவைப் புளிக்க வைக்கும். அந்தப் புளிப்பு, வயிற்றில் பால் செய்த வேலையைச் செய்யும். சோயா, மீன் தூள், தாது உப்பு ஆகியவற்றைத் தீவனம் வைக்கும் நேரத்தில் மட்டும் கலக்கவும். சேர்த்துப் புளிக்க வைத்தால் சத்து வீணாகும். தோசை மாவு போலப் புளிப்பு வாசம் வந்தால் சரி. பூஞ்சணம் பிடித்தாலோ அழுகிய வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். தொட்டியில் மீதம் தங்க விடக்கூடாது.

ஓமம், கற்பூரவல்லி, பூண்டு ஆகியவற்றுக்கும் கிருமிகளை எதிர்க்கும் குணம் உண்டு. சிறிதளவு அரைத்துச் சேர்க்கலாம். அளவு கூடினால் காரத்துக்குப் பயந்து குட்டி தீவனத்தையே ஒதுக்கும். குளிரும் ஈரமுமாகக் கிடக்கும் கொட்டிலில் எந்த மூலிகையும் பலன் தராது.

வாசகர் கேள்விகள்

*கழிச்சல் தொடங்கிவிட்டால் என்ன செய்வது?*

முதலில் நீர்ச்சத்தைக் காப்பாற்ற வேண்டும். ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து, அடிக்கடி குடிக்க வையுங்கள். பக்கத்தில் நல்ல தண்ணீரும் இருக்கட்டும். கழிச்சலில் ரத்தம், காய்ச்சல், சோர்வு இருந்தாலோ, பல குட்டிகளுக்கு ஒரே நேரத்தில் வந்தாலோ, உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவர் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் தயங்காமல், சொன்ன நாள் வரை முழுமையாகக் கொடுக்க வேண்டும். நோயுற்ற குட்டிக்கு அது மருந்து. தீவனத்தில் தினமும் கலப்பதுதான் தவறு.

*ஹோட்டல் மிச்ச உணவைக் குட்டிகளுக்குக் கொடுக்கலாமா?*

பால்குடி மறக்கும் வயதில் வேண்டாம். எண்ணெயும் மசாலாவும் கழிச்சலைக் கொண்டுவரும். பெரிய பன்றிகளுக்கும் நன்றாகக் கொதிக்க வைத்த பிறகே கொடுக்க வேண்டும். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல், வேகாத இறைச்சிக் கழிவு மூலமும் பரவும். அதற்கு மருந்தே கிடையாது.