அவசரப்படாத தளபதி

கொரியப் போரில் 1950 நவம்பர் மாதம். கிறிஸ்துமசுக்குள் வெற்றி நிச்சயம் என்று தலைமையகம் நம்பியது. வடகொரிய மலைகளுக்குள் வேகமாக முன்னேறும்படி அமெரிக்காவின் 1வது மரீன் டிவிஷனுக்கு உத்தரவு வந்தது. அதன் தளபதி மேஜர் ஜெனரல் ஆலிவர் ஸ்மித் அவசரப்படவில்லை.

'புரபசர்' என்று செல்லப்பெயர் பெற்ற இந்த மனிதர் 1917ல் மரீன் படையில் சேர்ந்தவர். 1944ல் பெலெலியூ தீவுச் சண்டையில் துணைத் தளபதி. சில நாளில் முடிந்துவிடும் என்று மேலதிகாரி கணித்த அந்தச் சண்டை இரண்டு மாதங்களுக்கு மேல் நீண்டது. அதை நேரில் பார்த்தவருக்கு, சுலப வெற்றி என்ற பேச்சில் நம்பிக்கை வராததில் வியப்பில்லை.

சோசின் நீர்த்தேக்கத்துக்குச் செல்ல இருந்தது ஒரே ஒரு மலைப்பாதை. சீன வீரர்கள் ஏற்கெனவே எதிர்ப்பட்டிருந்தனர். ஸ்மித் உத்தரவை மீறவில்லை. ஆனால் தம் கவலையை வாஷிங்டனில் இருந்த மரீன் தலைமைத் தளபதிக்குக் கடிதமாக எழுதினார். வழிநெடுக உணவும் வெடிமருந்தும் சேர்த்து வைத்தார். ஹகாரு-ரி என்ற சிற்றூரில், உறைந்து இறுகிய நிலத்தில் விமான ஓடுபாதை அமைக்கச் சொன்னார்.

நவம்பர் 27 இரவு சீனப் படை பெருந்திரளாகத் தாக்கியது. குளிரோ பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியைத் தொட்டது. நீர்த்தேக்கத்தின் கிழக்குக் கரையில் அமெரிக்கத் தரைப்படைப் பிரிவு ஒன்று சிதைந்தது.

டிசம்பர் 1ஆம் தேதி, பாதிகூட முடியாத அந்த ஓடுபாதையில் முதல் விமானம் இறங்கியது. அடுத்த சில நாளில் காயமடைந்தோரும் பனிக்கடிக்கு ஆளானோருமாக 4,300க்கும் மேற்பட்டவர்கள் அங்கிருந்து காப்பாற்றப்பட்டனர். மற்ற வீரர்களையும் விமானத்தில் ஏற்றிவிடலாம் என்ற யோசனையை ஸ்மித் ஏற்கவில்லை. கடைசிவரை ஓடுபாதையைக் காத்து நிற்பவர்கள் தப்ப முடியாதே! எல்லாரும் சேர்ந்து சண்டையிட்டபடியே மலையிறங்கினர். வழியில் தகர்க்கப்பட்டிருந்த பாலத்துக்குப் பதிலாக, பாலத்தின் பாகங்களே பாராசூட்டில் வந்து இறங்கின.

டிசம்பர் 24க்குள் ஹுங்நாம் துறைமுகத்திலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களும் 90,000க்கும் மேற்பட்ட கொரிய அகதிகளும் கப்பலேறினர்.

ஸ்மித் 1955ல் ஓய்வு பெற்றார். 1977 கிறிஸ்துமஸ் நாளில் காலமானார். மேலிடம் விரட்டும்போது வேலையை மறுக்காமல், ஆபத்தை எழுத்தில் சொல்லி, திரும்பும் வழியையும் தயார் செய்து வைப்பது அலுவலகங்களில் இருக்கும் நமக்கும் பொருந்தும் பாடம்தான்.