முரளியின் முழங்கை

கலஹா முதலிய தேயிலை மலைகள் சூழ்ந்த கண்டியில் 1972ஆம் ஆண்டு பிறந்தவர் முத்தையா முரளிதரன். 1995 டிசம்பரில், மெல்போர்ன் கிரிக்கெட் ஆட்டத்தில், அவர் பந்தை எறிகிறார் என நடுவர் ஏழு முறை தடுத்தார். ஆட்ட வாழ்வே ஐயத்துக்குள்ளாயிற்று.

வளைந்த முழங்கை பந்தை விடுகையில் நிமிர்வதே எறிதல். முரளியின் முழங்கையோ பிறவியிலேயே முற்றும் நீளாதது. வளைந்திருப்பது வேறு, நிமிர்வது வேறு. விரைந்து சுழலும் கையில் இவ்வேறுபாடு கண்ணுக்கு எளிதில் புலப்படுவதன்று. 1996இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக அறிஞர் அவ்வசைவைப் படம்பிடித்து அளந்து, எறிவதாகத் தோன்றுவது கண்மயக்கமே என்றனர்.

2004இல் அவரது ‘தூஸ்ரா’ பந்தில் சுமார் 14 பாகை நிமிர்வு காணப்பட்டது. பிற வீச்சாளர் பலரும் சிறிதளவு நிமிர்த்துவதை அளவைகள் காட்டவே, 2005இல் அனைவர்க்கும் 15 பாகை வரம்பாயிற்று. 2010இல் காலியில் முரளி தம் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டைப் பெற்றார்.