அந்த ரூம்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி

இந்த எபிசோட மேல்பட்டாம்பாக்கத்துல எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பேசறேன். நடுவுல ஹாரன் கேட்டா, அது நெல்லிக்குப்பம் மில்லுக்குக் கரும்பு ஏத்திட்டுப் போற லாரி. பொறுத்துக்கோங்க.

போன மாசம் வரைக்கும் எனக்கு ஓஎம்ஆர்ல வேலை. ஒரு மத்தியானம் ஹெச்ஆர் கூப்பிட்டாங்க. "நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரெக்கார்டு க்ளீனா இருக்கும்." இருபது நிமிஷத்துல கையெழுத்து போட்டுட்டேன். ஆறு வருஷ சர்வீஸ். ஊருக்கு வந்து "லீவு"ன்னு நாலு நாள் ஓட்டினேன். அஞ்சாவது நாள் அப்பா, "லேப்டாப் எங்கடா?"ன்னு கேட்டுட்டார்.

அந்தக் கையெழுத்தைப் பத்திதான் இன்னிக்கு. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியைக் கம்பெனி ஆட்குறைப்பு செஞ்சா, ஒரு மாச நோட்டீஸோ அதுக்கான சம்பளமோ தரணும். கூடவே, முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரி சம்பளம். 1947 தொழில் தகராறு சட்டத்துல இருந்த இந்தக் கணக்கு, புது தொழிலுறவுச் சட்டத் தொகுப்புலயும் இருக்கு. ஆனா நாமளே ராஜினாமா பண்ணிட்டா அது ஆட்குறைப்பே கிடையாது. அவங்க ஏன் அவ்வளவு அன்பா பேசினாங்கன்னு இப்ப புரியுதா? மிரட்டி வாங்கினாங்கன்னு பின்னாடி வாதாடலாம்தான். நிரூபிக்கிற வேலை நம்ம தலையில.

"ஐடிக்காரங்களுக்கு இதெல்லாம் உண்டா?"ன்னு கேட்பீங்க. 2015 ஜனவரியில, வேலையை விட்டு அனுப்பப்பட்ட டிசிஎஸ் ஊழியர் ஒருத்தர், கர்ப்பிணி, சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. இடைக்காலத் தடை கிடைச்சது; கம்பெனி உத்தரவைத் திரும்ப வாங்கிக்கிச்சு. அடுத்த வருஷம் தமிழ்நாடு அரசும், ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கலாம், தொழிலாளர் துறைக்கு வரலாம்னு தெளிவுபடுத்துச்சு. மேனேஜர் பொறுப்புல இருக்கறவங்களுக்கு மட்டும் கதை வேற; டிசிக்னேஷன் பேரைவிட உண்மையில என்ன வேலை செஞ்சோம்ங்கறதுதான் அங்க கணக்கு.

நான் அந்த ரூம்ல சொல்லியிருக்க வேண்டியது ஒரே வரி: "மெயில்ல அனுப்புங்க, படிச்சுட்டு சொல்றேன்." வெளியே வந்ததும் நடந்ததை அவங்களுக்கே மெயிலா எழுதி, ஒரு காப்பியை என் சொந்த ஐடிக்கும் போட்டிருக்கணும். ஆபீஸ் மெயில் அன்னிக்கு சாயங்காலமே லாக் ஆயிடுச்சு.

ராஜினாமா பண்ணாலும் போகாதது கிராஜுவிட்டி. எனக்கு அஞ்சு வருஷம் தாண்டிடுச்சு. கடைசி பேசிக், டிஏவை 26-ஆல வகுத்து, 15-ஆலயும் சர்வீஸ் வருஷத்தாலயும் பெருக்கணும். 30 நாளைக்குள்ள தரணும். விண்ணப்பத்தை நேத்துதான் ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பினேன். ரசீதை அப்பா வாங்கிப் பத்திரமா வெச்சிருக்கார்.