நெய்தல் நிலத்து விருந்தினர் – பழவேற்காட்டை முன்வைத்து ஒரு சிந்தனை

கோடை விடுமுறை தொடங்கியதும் பாலாற்றுப் படுகையில் வாழும் நம் நெஞ்சம் கடற்கரையை நாடுதல் இயல்பு. மேல்விஷாரத்தின் வெம்மையும் தோல் தொழிற்கூடங்களின் நெடியும் பழகிப்போன நமக்கு உப்புக்காற்று ஒரு பெரும்பேறாகத் தோன்றுகிறது. வண்டியை அமர்த்துகிறோம், சோற்று மூட்டையைக் கட்டுகிறோம், கடலில் கால் நனைத்துப் படம் எடுத்துக்கொண்டு அன்றிரவே திரும்பிவிடுகிறோம். சென்று வந்த ஊரின் பெயரன்றி அவ்வூரைப் பற்றி யாதும் அறியாமல் வருகிறோம். இவ்வாறு சென்று வருதல் பயணமாகுமா என்பதே ஈண்டு நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும்.

ஆற்றுப்படை காட்டும் வழி

பயணத்திற்கென்றே ஓர் இலக்கிய வகையைப் படைத்தவர் தமிழர். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள் என்பதை மாணாக்கர் நன்கறிவர். பரிசில் பெற்று மீளும் கலைஞன் எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்கு வழி கூறுவதே இவற்றின் அமைப்பு. ஆயினும் இவை கூறுவது வழியை மட்டுமன்று. வழியிடை எந்நிலம் வரும், அந்நிலத்து மக்கள் யாவர், அவர்தம் தொழில் யாது, வந்தாரை எவ்வாறு வரவேற்பர், எவ்வுணவை அளிப்பர் என்றெல்லாம் விரித்துரைக்கின்றன. நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினத்தை அடையும் பாணர்க்குப் பரதவர் சுட்ட மீனை அளிப்பர் என்கிறது. முல்லை நிலத்து உணவை நெய்தலில் தேடுமாறு எப்புலவரும் கூறினாரல்லர். சென்ற நிலத்தின் உணவை உண்டு, அந்நிலத்தாரின் முறையறிந்து ஒழுகுதலே பயணம் என்பது பழந்தமிழர் கொள்கை. இன்று மேலைநாட்டார் புதியதுபோல் பேசும் ‘ஊராரோடு ஊராராய்த் தங்கும் சுற்றுலா’ நம் ஏட்டில் பன்னெடுங்காலமாய் இருப்பதே.

கடல்வழி வந்த இருவகையினர்

இக்கொள்கையை விளக்கப் பழவேற்காட்டினும் ஏற்ற ஊர் நமக்கு அண்மையில் இல்லை. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்தது இவ்வூர். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவாகும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் உள்ளது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே சிறீஅரிக்கோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது.

இவ்வூர்க்குக் கடல்வழி வந்த அயலார் பலர். அவருள் இருவகையினரை ஒப்பிட்டு நோக்குதல் தகும். அரபு நாட்டிலிருந்து மரக்கலம் ஏறி வந்தோரின் வழியினர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் முஸ்லிம் குடும்பங்கள் இங்குண்டு. வந்தோர் தமிழ் பேசினர், அரபு எழுத்தில் தமிழை எழுதினர், இம்மண்ணின் மக்களாயினர். இவர்தம் இல்லத்துப் பெண்டிர் பனையோலையால் பெட்டியும் கூடையும் முடையும் கைவினை இன்றும் புகழ்பெற்றது. சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் அறிய உதவிய நிழற்கடிகாரத்தை இன்றும் காணலாம்.

மற்றொரு வகையினர் டச்சுக்காரர். 1613-இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பிய அவர், 1690 வரை சோழமண்டலக் கரையில் தம் வணிகத்தின் தலைமையிடமாக இவ்வூரையே கொண்டிருந்தனர். துணி வாங்கினர்; அத்தோடு நில்லாமல் பஞ்சத்தில் வாடிய மக்களை அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றி அனுப்பவும் செய்தனர். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. எஞ்சியது எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் வாயில் காக்கும் கல்லறைத் தோட்டமே. ஊரோடு கலந்தவர் ஊராயினர். ஊரைக் கொள்ளும் பொருளாக மட்டும் கண்டவர் கல்லறையாயினர். வரலாறு இவ்வளவு தெளிவாகப் பாடம் நடத்தும் இடங்கள் சிலவே.

நாம் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலருடன் நாமும் பழவேற்காடு சென்றிருந்தோம். உண்மையை மறைப்பானேன்? நாமும் சோற்று மூட்டையோடுதான் சென்றோம். ஏரிக்கரையில் அமர்ந்து ஆம்பூர் பிரியாணியை உண்டோம். கல்லறைகளைக் கண்டோம். பறவைகளைக் கண்டோம். புறப்படும் வேளையில் திரும்பிப் பார்த்தால், நாம் அமர்ந்த இடமெங்கும் பிளாஸ்டிக் உறைகளும் குவளைகளும் சிதறிக் கிடந்தன. காற்று அவற்றை ஒவ்வொன்றாக நீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.

அருகிலிருந்த வீட்டுத் திண்ணையில் ஓலை முடைந்துகொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து வந்தார். யாரையும் ஏசவில்லை. குனிந்து இரண்டு உறைகளைப் பொறுக்கினார். பின்னர் நம்மைப் பார்த்து, “ஏந் தம்பி, உங்க ஊர்ல ஆறு, ஏரி ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டார்.

“பாலாறு இருக்கும்மா” என்றோம். அதற்கு மேல் சொல் எழவில்லை.

நம் பகுதியின் தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. பள்ளிகளையும் கல்லூரிகளையும் வளர்த்தது. இதனை எவரும் மறுக்கவியலாது. அதே தொழிலின் கழிவு பாலாற்றையும் கரையோரக் கிணறுகளையும் கெடுத்தது என்பதும் மறுக்கவியலாததே. 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துவோரே அதற்குரிய இழப்பைச் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது நம் பாலாற்றுப் படுகையின் வழக்கில்தான். தன் நீர்நிலையைப் பறிகொடுத்த துன்பத்தை நம்மைப் போல் அறிந்தவர் எவர்? அறிந்த நாமே பிறரது ஏரியைக் குப்பைத்தொட்டியாக்கினோம். மாணவர் எவரும் நம் கட்டளைக்குக் காத்திராமல் முழங்காலளவு நீரில் இறங்கி எட்டிய மட்டும் பொறுக்கினர். எட்டாதவை போயின.

நீரின்மேல் எழுதப்பட்ட சட்டம்

மறுமுறை நாம் சென்றபோது விரைந்து திரும்பவில்லை. மூன்று நாள் தங்கினோம். கரையில் கிடைத்த மீனையும் இறாலையும் வாங்கி, அவ்வூர்ச் சமையலையே உண்டோம். ஊரைப் பார்ப்பது வேறு, ஊர் வாழும் முறையைக் கேட்டறிவது வேறு என்பது அப்போது விளங்கிற்று.

வெளியூரார் கண்ணுக்கு ஏரி எல்லையற்ற வெறும் நீர்ப்பரப்பு. மீனவர்க்கோ அது வரப்பிட்ட வயல். ‘பாடு’ எனும் முறை இங்கு வழிவழி வருகிறது. கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களிலேயே இறால் மிகுதி. அவ்விடங்களை வலியார் கைப்பற்றாதவாறு கோட்டைக்குப்பம் முதலிய குப்பங்கள் நாள்முறை வைத்துக்கொள்கின்றன. குப்பத்தினுள் யாருக்கு எவ்விடம் என்பது சீட்டின்வழி முடிவாகிறது. இன்று வளமான இடம் பெற்றவர்க்கு நாளை வறிய இடம் வரலாம். ஆண்டு முழுவதும் நோக்கின் பங்கு ஏறத்தாழச் சமனாகிவிடும். பாட்டுரிமை இல்லாதார்க்கும் உடையார்க்கும் இடையே பூசல் எழுவதும் உண்டு. படகின்றி வலையின்றி, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்தவாறு நீரில் தவழ்ந்து கையால் இறால் தேடும் இருளர் பெண்டிரும் இவ்வேரியை நம்பியே வாழ்கின்றனர். ஒவ்வொரு கைப்பிடி நீருக்கும் இங்கு உரியவர் உண்டு என்பதை அறிந்தபின், கண்ட இடத்தில் படகைச் செலுத்தச் சொல்லவோ, காயும் வலையைச் செருப்புக் காலால் மிதிக்கவோ மனம் ஒப்பாது.

காலமும் அறிதல் வேண்டும். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை. 2001-இல் 45 நாளாகத் தொடங்கிய இத்தடை 2017-இல் 61 நாளாயிற்று. மீன் இனம் பெருகும் காலம் அது. நம் கோடை விடுமுறை, கடலோடிகள் பலர்க்கு வருவாய் குன்றிய காலம் என்பதை எண்ணின், ஓலைப்பெட்டிக்கும் ஒரு கூறு மீனுக்கும் பேரம் பேசும் நா தானே அடங்கும்.

ஊரார் சொல் உயிர் காக்கும்

ஊரார் சொல்லை மதித்தல் பண்பாட்டுச் செய்தி மட்டுமன்று, உயிர்ச் செய்தியுமாகும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டிற்கு இன்பச் சுற்றுலா வந்த உறவினர் குழுவொன்று ஏறிய படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அளவுக்கு மிஞ்சிய ஆள். மிதவை உடை எவர்க்கும் இல்லை. முகத்துவாரத்தின் நீரோட்டம் மணல்மேடு மாறுந்தோறும் மாறுவது. நேற்று நின்ற இடத்தில் இன்று ஆழம் இருக்கும். “இன்னைக்கு வேணாம்” என்று ஊரார் சொன்னால், கூடுதல் பணம் தருகிறோம் என்று வற்புறுத்தாதிருத்தலே அறிவுடைமை.

ஒரு பெரும்பயணியின் ஒப்புதல்

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. ஊராரைப்போல் வாழ்தல் வேறு, ஊராராகிவிட்டதாக எண்ணுதல் வேறு. 1325-இல் தாஞ்சியரிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, 1343-இல் மாலத்தீவை அடைந்து அங்கே காஜியாகவும் அமர்ந்தார். தீவின் மீனையும் தேங்காயையும் உண்டு மகிழ்ந்தார். அங்கேயே மணமும் புரிந்தார். ஆயினும் தீவுப் பெண்களின் உடை வழக்கத்தை மாற்ற ஆணையிட்டு முயன்றார். தம்மால் இயலவில்லை என்பதைத் தம் பயண நூலில் அவரே ஒப்புக்கொள்கிறார். ஆட்சியாளரோடு மனவேறுபாடு முற்ற, அடுத்த ஆண்டே தீவை விட்டு நீங்கி நம் மஅபர்க் கரைக்கு வந்தார். மார்க்க அறிவும் பதவியும் பெற்ற அப்பெரியார்க்கே இயலாதது, மூன்று நாள் தங்கும் நமக்கு இயலுமா? விருந்தினர் கற்க வந்தவர், திருத்த வந்தவரல்லர். மூன்று நாளே விருந்து என்றும், அதற்கு மேல் தங்கி விருந்தோம்புவாரைச் சங்கடத்திற்கு ஆளாக்கலாகாது என்றும் நபிமொழி வரையறுத்திருப்பதன் நுட்பமும் இதுவே. அவர்தம் இல்லத்துப் பெண்டிரைக் கேளாமல் படம் எடுத்தலும், அவர்தம் வறுமையை வேடிக்கை பார்த்தலும் விருந்தினர் செயலாகா.

நிறைவாக

மாணவச் செல்வங்களே! அடுத்த விடுமுறையில் கடற்கரைக்குச் செல்லுங்கள். செல்லாதீர் என்று நாம் கூறவில்லை. ஓர் ஊருக்கு மட்டும் சென்று, அங்கு இரண்டு நாளேனும் தங்குங்கள். அவ்வூர்ச் சோற்றை அவ்வூராரிடமே வாங்கி உண்ணுங்கள். பூநாரைகள் இரை தேடும் பனிக்காலத்தில் அவற்றைப் படகால் துரத்தாதீர்கள். கொண்டு சென்ற குப்பையைக் கொண்டே திரும்புங்கள். திரும்பும் வழியில் பாலாற்றுப் பாலத்தின்மேல் சிறிது நேரம் நின்று பாருங்கள். அம்மூதாட்டி கேட்ட வினா நம் காதில் இன்றும் ஒலிக்கிறது. அதற்கு நேர்நின்று விடை கூறும் தகுதியை நம் ஊரில் நாம் பெறுவோமாயின், எந்த ஊர்க்கும் நாம் நல்ல விருந்தினரே.